வெள்ளைக்கருவின் நிறம்

சுகந்தாமணியின் மேசைக்குச் செத்த கோழி வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. கோழி நோய் ஆய்வகம் நடத்துகிறவளுக்கு இதைவிட அவமானம் வேறென்ன இருக்கிறது? ஒரு காலத்தில் விடிந்தால் போதும், நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் செத்ததும் சாகப்போவதுமாக நாலைந்து கோழிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு அவள் வாசலில் வந்து நிற்பார்கள். கத்தியை எடுக்கும் முன்பே பாதியைச் சொல்லிவிடுவாள். கழுத்து முதுகுப்பக்கம் வளைந்து வானத்தைப் பார்த்தபடி இருந்தால் பி-1 வைட்டமின் இல்லை. கால்விரல்கள் உள்பக்கம் சுருண்டு, கணுக்காலை ஊன்றித் தவழ்ந்தால் பி-2 இல்லை. ஒரு கால் பக்கவாட்டில் விலகிப் போனால் மாங்கனீசு. ஓடில்லாத தோல்முட்டை போட்டால் சுண்ணாம்புச் சத்தோ, டி வைட்டமினோ. போய்த் தீவனத்தில் இன்னதைச் சேருங்கள் என்பாள். காலம் தாழ்த்தாமல் சேர்த்தவர்களின் கோழி பத்து நாளில் எழுந்து நடக்கும். கோழிகளுக்கு வக்கீல் என்று அவளைக் கேலி செய்வார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அந்த வக்கீல் தொழிலில் மண்ணைப் போட்டது 'திடம்'.

பொன்னிறகு என்ற கம்பெனி மரபணுவில் கைவைத்து உண்டாக்கிய முட்டைக்கோழி அது. மற்ற கோழிக்குப் போடும் வைட்டமின் கலவையில் மூன்றில் ஒரு பங்கு போதும், ஒரு விரல்கூடச் சுருளாது, ஒரு கழுத்துகூட வளையாது, நாளுக்கொரு முட்டை தவறாது. முதல் சோதனை நடந்தது அவளுடைய தம்பி நல்லசிவத்தின் பண்ணையில். அவனைப் பேசிச் சம்மதிக்க வைத்தவளும் அவள்தான். நானூறு கோழிகளைத் தொண்ணூறு நாள் காலிலும் கழுத்திலும் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, 'சத்துக்குறைவின் அறிகுறி ஒன்றும் இல்லை' என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள். அந்த ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பொன்னிறகு மாநிலம் முழுக்கப் பள்ளிக்கூட மதிய உணவுக்கு முட்டை கொடுக்கும் ஒப்பந்தத்தை வாங்கிவிட்டது. இப்போது அடுத்த ஐந்து வருடத்துக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

மயிலாத்தாள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு. காரைத்தோட்டம் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைப்பவள். தூக்குவாளிக்குள் தவிட்டில் பொதிந்து ஆறு முட்டைகள் கொண்டு வந்திருந்தாள்.

"டாக்டரம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க. கெட்டுப் போனதுங்களான்னு."

"நாத்தம் வருதா?"

"அதெல்லாம் இல்லீங்க. புள்ளைங்களுக்கு வாய் ஓரம் ரெண்டு பக்கமும் வெடிச்சுப் போய்க் கெடக்குது. ரசஞ்சோத்த வாயில வச்சாலே எரியுதுன்னு அழுவுதுங்க. அறுவத்தி ரெண்டு புள்ளைங்கள்ல நாப்பதுக்கு மேல. ஆஸ்பத்திரியில களிம்பு குடுத்தாங்க, போன பாடில்ல. நாக்கு வேற செவந்து போயி, வெயில்ல நின்னா கண்ணு கூசுதுங்கறாங்க. நாஞ் சமைக்கறதுலதான் ஏதோ இருக்குதுன்னு தாய்மாரெல்லாம் என்னையப் பேசறாங்க."

சுகந்தாமணி ஒரு முட்டையை உடைத்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றினாள். முட்டையின் தரம் பார்க்கும் எல்லாரும் செய்வதைச் செய்தாள். வெளிர் மஞ்சளிலிருந்து செம்மஞ்சள் வரை பதினைந்து நிறங்கள் கொண்ட அட்டை விசிறியை விரித்து, மஞ்சள் கருவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பதின்மூன்றாம் நிறம். பார்த்தாலே சாப்பிடத் தோன்றும் நிறம்.

"முதல் தரமான முட்டை, மயிலாத்தா. இதுல ஒரு குறையும் இல்ல. நீ எண்ணெய மாத்திப் பாரு."

மயிலாத்தாள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். நம்பிப் போனாளா நம்பாமல் போனாளா என்று சுகந்தாமணி யோசிக்கவில்லை.

பிறகு தட்டைக் கழுவ எடுத்தபோதுதான் அது கண்ணில் பட்டது. தட்டுக்கு அடியில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தாள். வெள்ளைக்கரு பரவியிருந்த இடத்திலும் எழுத்துகள் வெள்ளைத்தாளில் கருப்பாக, சுத்தமாகத் தெரிந்தன. குழாய்த் தண்ணீரை ஊற்றிவைத்த மாதிரி. அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தெருமுனைக்குப் போய், கீரை விற்கிறவளிடம் நாட்டுக்கோழி முட்டை ஒன்று வாங்கிவந்து பக்கத்தில் உடைத்தாள். அதன் மஞ்சள் கரு விசிறியில் எட்டைத் தாண்டவில்லை. ஆனால் அதன் வெள்ளைக்கருவில் மெல்லிய பச்சை ஓடியது. அந்தப் பச்சைதான் பி-2. கல்லூரி முதல் வருடத்திலேயே படித்தது. மஞ்சள் கருவையே பார்த்துப் பார்த்து முப்பது வருடத்தில் அது மறந்தே போயிருந்தது. மஞ்சள் கருவின் நிறத்துக்குத் தீவனத்தில் செண்டுமல்லிச் சாறு கலந்தால் போதும் என்று ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்தும் விசிறியைத்தான் எடுத்தாள்.

வாய் ஓரத்தில் வெடிப்பு, சிவந்த நாக்கு, கண்கூச்சம். மயிலாத்தாள் அறிகுறிகளை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். கோழிக்கு வந்திருந்தால் வாசலிலேயே கண்டுபிடித்திருப்பாள். மனிதப் பிள்ளைகளுக்கு வந்ததால் எண்ணெயை மாற்றச் சொன்னாள். சுகந்தாமணிக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சொந்தக் கருவியில் அளந்து பார்த்தாள். திடத்தின் முட்டையில் பி-2 இருந்தது என்று சொல்வதே தவறு. பத்து முட்டை, இருபது முட்டை, எல்லாம் அப்படித்தான். ஒருவேளை தீவனத்தைக் கூட்டினால் சரியாகுமோ என்று தம்பியின் பண்ணையில் நூறு கோழிகளைத் தனியாகப் பிரித்து, முருங்கைக்கீரை, தண்ணீரில் வளரும் அசோலாப் பாசி, ஈஸ்ட், கருவாட்டுத் தூள் என்று சத்தாக அள்ளிப் போட்டாள். கூடவே பத்துச் சேவல்களையும் விட்டு, முட்டைகளைப் பொரிப்பானில் வைத்தாள். பதின்மூன்றாம் நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உள்ளே எல்லாக் கருவும் செத்திருந்தது.

நல்லசிவம் ஷெட் வாசலில் உட்கார்ந்திருந்தான். "இதுக்கு என்னக்கா அர்த்தம்?"

"கோழி ரத்தத்துல இருந்து பி-2வ முட்டைக்குச் சுமந்துட்டுப் போறதுக்கு ஒரு புரதம் இருக்குதுடா. அந்தப் புரதம் உருவாகாம பண்ணிட்டாங்க. கோழி தனக்கு வேண்டியத வச்சுக்குது, முட்டைக்கு ஒண்ணும் போறதில்ல. நீ மூட்டை மூட்டையாக் கொட்டினாலும் போகாது. அதனாலதான் கொஞ்சமாப் போட்டாலும் கோழிக்குப் போதுது."

"அப்ப கோழி நல்லா இருக்குது."

"கோழி நல்லாத்தான் இருக்குது. அதுதான் அவங்க கெட்டிக்காரத்தனம். முன்னெல்லாம் தீவனத்துல திருடினாக் கோழி படுத்துக் காட்டிக் குடுத்துரும். இது காட்டிக் குடுக்காது. முட்டையத் திங்கற புள்ளைங்கதான் படுக்கணும்."

நல்லசிவம் கேட்டான். "இந்த முட்டையே பொரிக்காதுன்னா, எனக்குக் குஞ்சு எங்கிருந்துக்கா வருது?"

படித்த அவளுக்குத் தோன்றாத கேள்வி. மாதம் லட்சக்கணக்கில் திடம் குஞ்சுகள் பொன்னிறகின் பொரிப்பகத்திலிருந்து வந்துகொண்டுதான் இருந்தன. அன்று காலையில் இறங்கிய குஞ்சுப் பெட்டிகள் இன்னும் அங்கேயே கிடந்தன. இருவரும் அவற்றைக் கவிழ்த்து உதறினார்கள். நாற்பது பெட்டியில் தேடி, குஞ்சின் தூவியோடு ஒட்டிவந்த ஓட்டுத்துண்டுகள் ஒரு கைப்பிடி கிடைத்தன. அவற்றில் முட்டையின் கூர்முனைத் துண்டுகள் ஐந்து. ஐந்திலும் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதன்மேல் ஒரு பொட்டு மெழுகு.

அடுத்த நாள் அந்த ஓட்டுத்துண்டுகளைக் கொண்டுபோய் அமலதாஸின் மேசைமேல் கொட்டினாள். திடத்தை உருவாக்கிய விஞ்ஞானி அவன்தான். கல்லூரியில் அவளுக்கு நான்கு வருடம் இளையவன். எழுந்து நின்று வரவேற்றான், காபி வரவழைத்தான்.

"அது தடுப்பூசி போட்ட துளை மேடம்."

"தடுப்பூசி பதினெட்டாம் நாள் போடறது. அகலமான பக்கம் போடுவாங்க, மெழுகு வச்சு மூட மாட்டாங்க. இது முட்டைய அடைக்கு வைக்கறப்பவே கூர்முனையில போட்டிருக்கீங்க. பி-2 ஊசி. இல்லைன்னா உங்க குஞ்சு பதின்மூணு நாள் தாண்டாது."

அமலதாஸ் மறுக்கவில்லை. காபியை அவள் பக்கம் நகர்த்தினான். "ஒப்பந்தத்துல முட்டைக்கு என்னென்ன கேட்டிருக்காங்கன்னு படிச்சீங்களா? எடை, ஓட்டோட பலம், புரதம், மஞ்சள் கருவோட நிறம். எல்லாமே அவங்க கேட்டதுக்கு மேலயே குடுக்கறோம். பி-2ங்கற வார்த்தையே அதுல இல்ல. தாள்ல இல்லாததை நான் ஏன் மேடம் குடுக்கணும்?"

"உன் குஞ்சுக்குக் குடுத்தியே. அது எந்தத் தாள்ல இருக்குது? குஞ்சுக்கு வேணும்னு தெரிஞ்சு ஊசி போட்டிருக்க. அந்தப் புள்ளைங்களுக்கு?"

"நீங்க கோபப்படறது நியாயம்தான். ஆனா திடத்துக்குச் சான்றிதழ் குடுத்தது நீங்க. அதுல கோழியப் பத்தித்தான் எழுதியிருக்கீங்க. ஒரு முட்டையக்கூட நீங்க சோதிக்கல. அது எனக்குத் தெரியும், கேட்டா எல்லாருக்கும் தெரியவரும்."

அவள் காபியைத் தொடாமல் எழுந்தாள். படி இறங்கினாள். இவனைச் சும்மா விட்டால் நான் மனுஷியே இல்லை என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். காவலாளி திரும்பிப் பார்த்தான்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா என்று முடிவெடுக்க வேண்டியது முட்டைத் தர ஆணையம். அதன் தலைவர் யாழ்மொழி என்ற இளம் அதிகாரி. நல்லவள்தான், ஆனால் கோழியைக் குழம்பில் மட்டுமே பார்த்தவள். அவளிடம் சுகந்தாமணியின் அளவீடுகள் எடுபடவில்லை. தனியார் ஆய்வகத்தின் எண்களை ஏற்க விதியில் இடமில்லையாம். ஆணையத்துக்கென்று இருந்த ஒரே ஆய்வகமோ பொன்னிறகு அன்பளிப்பாகக் கட்டிக் கொடுத்தது.

எனவே விசாரணையன்று சுகந்தாமணி இரண்டு கண்ணாடித் தட்டுகளைக் கொண்டு போனாள். ஒன்றில் திடத்தின் முட்டை, மற்றதில் நாட்டுக்கோழி முட்டை. எதில் சத்து அதிகம் என்று கேட்டாள். ஆணையத்தின் ஏழு பேரும் திடத்தைக் காட்டினார்கள். "என்னா கலர்" என்றார் ஒருவர்.

"நானும் இப்படித்தான் ஏமாந்தேன்" என்றாள். "மஞ்சளை விடுங்க. சுத்தி இருக்கற வெள்ளைக்கருவப் பாருங்க. நாட்டுக்கோழி முட்டையில லேசாப் பச்சை ஓடுது பாருங்க, அதுதான் பி-2. இதுல பச்சையே இல்ல. வெறும் தண்ணி. நான் குடுத்த சான்றிதழ் தப்பு. முட்டையப் பார்க்காமக் கையெழுத்துப் போட்டேன். அதை இப்பத் திரும்ப வாங்கிக்கறேன்."

அமலதாஸ் எழுந்து கைகூப்பினான். எங்கள் கவனத்துக்கு வராத ஒன்றைச் சுட்டிக்காட்டியதற்கு மேடத்துக்கு நன்றி, முப்பது நாள் கொடுத்தால் முட்டையில் பி-2வைக் கொண்டுவந்துவிடுவோம் என்றான். கவனத்துக்கு வராத ஒன்று. சுகந்தாமணி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுவரை இதே முட்டைதான் பள்ளிகளுக்குப் போகும், வேறு முட்டை அத்தனை இல்லை என்று யாழ்மொழி தயங்கியபடி அறிவித்தாள்.

"ஒரே ஒரு நிபந்தனை" என்றாள் சுகந்தாமணி. "பி-2 வந்துடுச்சுன்னு அவர் கையெழுத்துப் போட்டுத் தரணும். முட்டையைச் சோதிச்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்."

அமலதாஸ் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். குறிப்பேட்டில் 'வெள்ளைக்கரு, பச்சை நிறம்' என்று எழுதி அடியில் கோடு போட்டதை அவள் பார்த்தாள். பையின் பக்கவாட்டு அறையில் இருந்த சிறிய டார்ச்சை அவள் வெளியே எடுக்கவில்லை.

சான்றிதழைத் திரும்பப் பெற்றால் முதலில் அடிவாங்குவது, அந்தச் சான்றிதழால் உரிமம் வாங்கிய முதல் பண்ணைதான். நல்லசிவத்தின் எண்பதாயிரம் கோழிகளின் முட்டையை, உரிமம் போய்விட்டதென்று அடுத்த வாரமே எடுக்க மறுத்துவிட்டார்கள். அவன் அக்காவைத் திட்டவில்லை. "நீ சொன்னேன்னு வாங்கினேன், நீ சொன்னேன்னு நிறுத்தறேன்" என்றான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அந்த மாதத்தில் அவள் செய்த ஒரே நல்ல காரியம், காரைத்தோட்டம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு பி-2 மாத்திரை வாங்கிக் கொடுத்தது. மயிலாத்தாள் தினமும் சோற்றுக்கு முன்னால் ஆளுக்கொன்று கொடுத்தாள். மூன்றாம் வாரம் போனில் கூப்பிட்டு, புண் ஆறிவிட்டது, ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்று சொன்னாள்.

முப்பத்தோராம் நாள் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே ஆய்வு நடந்தது. பொன்னிறகு கொண்டுவந்த முட்டைகளில் பத்தை யாழ்மொழி தன் கையாலேயே உடைத்தாள். பத்திலும் வெள்ளைக்கரு அழகான இளம்பச்சை. நாட்டுக்கோழி முட்டையைவிடத் தூக்கலான பச்சை. எல்லாரும் கைதட்டினார்கள். அமலதாஸ் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

சுகந்தாமணி அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். 'முட்டைகள் நேரடியாகச் சோதிக்கப்பட்டன. பி-2 தேவையான அளவு உள்ளது.'

"மேடம்" என்றாள் யாழ்மொழியிடம். "கோழியவே மாத்தினாலும் ஒரு குஞ்சு வளர்ந்து முட்டையிட அஞ்சு மாசம் ஆகும். இருக்கற கோழிக்கு எதைப் போட்டாலும் பி-2 முட்டைக்குப் போகாது. அப்புறம் எப்படி முப்பது நாள்ல பச்சை வந்துச்சுன்னு கேட்கத் தோணலையா உங்களுக்கு? இந்தத் தட்டுகளையும் நாட்டுக்கோழி முட்டைத் தட்டையும் எடுத்துக்கிட்டு அரிசி வைக்கற அறைக்கு வாங்க. அவரும் வரட்டும்."

ஜன்னல் இல்லாத அறை. கதவைச் சாத்தியதும் இருட்டானது. சுகந்தாமணி டார்ச்சை எடுத்தாள். கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருப்பார்களே, அந்த ஊதா வெளிச்ச டார்ச்.

"பி-2 இந்த வெளிச்சத்துல தானா ஒளிரும். சாயம் ஒளிராது."

நாட்டுக்கோழி முட்டையின் மேல் அடித்தாள். வெள்ளைக்கரு முழுவதும் மஞ்சள்பச்சையாகப் பளிச்சென்று எரிந்தது. திடத்தின் மேல் அடித்தாள். ஒன்றும் இல்லை. பத்துத் தட்டிலும் ஒன்றும் இல்லை. தீவனத்தில் கலந்தால் வெள்ளைக்கருவுக்குப் போகும் பச்சைச் சாயம் ஒன்றை அவன் கண்டுபிடித்திருந்தான். மஞ்சள் கருவுக்குச் செண்டுமல்லி போல, வெள்ளைக்கருவுக்கு இது. அவள் சொன்னது நிறம் ஒன்றுதான். அவன் கொடுத்ததும் நிறம் ஒன்றுதான்.

"இந்த டார்ச் உனக்கும் தெரியும், அமலதாஸ்" என்றாள். "ஆனா தாள்ல இல்லாததை நீ செய்ய மாட்டியே. அதை நம்பித்தான் நான் சொல்லல. போன மாசம் கவனத்துக்கு வரலைன்னு தப்பிச்ச. இப்பக் கையெழுத்துப் போட்டிருக்க."

யாழ்மொழி அந்தத் தாளைச் சுகந்தாமணியின் கையிலிருந்து வாங்கி மடித்துத் தன் கோப்பில் வைத்தாள். அந்த இடத்திலேயே ஒப்பந்தம் ரத்தானது, பொன்னிறகின் பொரிப்பகத்துக்குப் பூட்டுப் போட உத்தரவும் போனது. ஜீப்புகள் கிளம்பிப் போன பிறகு சுகந்தாமணி சமையலறை வாசலில் உட்கார்ந்தாள். இத்தனை நாளில் முதல்முறையாக வயிறு பசித்தது.

மயிலாத்தாள் ஒரு தம்ளரில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் கிடந்த டார்ச்சை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது போன மாசம் விசாரணைக்குப் போனப்பவும் உங்ககிட்ட இருந்துச்சுங்களா டாக்டரம்மா?"

"இருந்துச்சு."

"அன்னைக்கே அடிச்சுக் காட்டியிருந்தா?"

"அப்பவே ஒளிராதுன்னு தெரிஞ்சிருக்கும். தெரியாம நடந்துடுச்சும்பான், விட்டிருப்பாங்க. வேற சாமர்த்தியத்தோட வருவான். அவனைக் கையெழுத்துப் போட வைக்கணும் மயிலாத்தா. இல்லைன்னா மாட்ட மாட்டான்."

மயிலாத்தாள் தலையாட்டினாள். புரிந்துகொண்ட மாதிரிதான் ஆட்டினாள்.

"நம்ம புள்ளைங்களுக்கு மாத்திரை வாங்கிக் குடுத்தீங்க. புண்ணியமாப் போவும். இந்த ஒரு மாசமும் இதே முட்டையத்தானுங்க எல்லா ஊர்லயும் தின்னுச்சுங்க. தேவைன்னு உங்களுக்குத் தெரியுங்கறதாலதானே இங்க குடுத்தீங்க. மத்த பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு?"

குற்றம் சாட்டும் குரலில் அவள் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சுகந்தாமணிக்கு அமலதாஸின் மேசையும், அதன்மேல் தான் கொட்டிய ஓட்டுத்துண்டுகளும், மெழுகுப் பொட்டுகளும் ஞாபகம் வந்தன. 'அந்தப் புள்ளைங்களுக்கு?' என்று அன்று தான் அவனிடம் கேட்டதும் ஞாபகம் வந்தது. அவனிடம் பதில் இல்லை என்று அன்று எவ்வளவு வெறுத்திருந்தாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. மயிலாத்தாள் டார்ச்சைத் திண்டின் மேல் வைத்துவிட்டுச் சோற்றுக் குண்டானைத் தூக்கப் போனாள். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்து நின்றார்கள். முன்னால் நின்ற சிறுமி, இன்றைக்கு முட்டை இல்லையா என்று கேட்டாள்.